பழைய காடியை (காரை) வெச்சு தோட்டத்து ஊழியம் பண்றவங்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல தங்கி சுத்தியிருக்க தோட்டங்களுக்கும் தாமான்களுக்கும் (குடியிருப்புகளுக்கும்) ஊழியத்துக்குப் போறவங்க, முக்கியமா தமிழ்நாட்டுல இருந்து புதுசா வர்ற மிஷனரி குடும்பங்க, எங்கிட்ட கேக்கறது பெரும்பாலும் ஒரே கேள்விங்கதான். பைபிள் சந்தேகம் எல்லாம் எங்க வீட்டுக்காரர்கிட்ட போயிரும், காடி சந்தேகம் எல்லாம் எங்கிட்ட வரும், ஏன்னா சபை காடிங்களோட ரோட்டெக்ஸ் (சாலை வரி), இன்சூரன்ஸ், ஒர்க்‌ஷாப் கணக்கு பாக்கறது நான்தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போடறதுக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன், பேர் மட்டும் போடல.

அக்கா, காடி கண்டிப்பா வேணுமா? பஸ்லயே போயிக்கலாம்ல?

சுங்கை சிப்புட் பட்டணத்துல இருந்து ஈப்போ, கோலகங்சார் போறதுக்கு பஸ் பிடிச்சுக்கலாம். தோட்டத்துக்குள்ள போறதுக்குத்தான் ஒண்ணும் கிடையாது. மெயின் ரோட்டுல இறங்கினா செம்பனை மரங்களுக்கு நடுவுல லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) நடந்து போகவே ரொம்ப நேரம் ஆகும். இன்னொன்னு, வேலை பாக்கற ஜனங்க காலைல இருட்டோட கிளம்பிருவாங்க, அவங்க வீட்டுல இருக்கறது சாயங்காலத்துக்கு மேலதான். வீட்டு ஜெபம் முடிஞ்சு, அவங்க போடற தேத்தண்ணிய குடிச்சுட்டு வெளிய வரும்போது ராத்திரி ஆயிரும், அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸும் இல்ல.

தனியா இருக்க தம்பிங்களுக்கு மோட்டார் சைக்கிள் போதும். கைப்புள்ளையோட இருக்கவங்களுக்கு இந்த ஊர் மழைல மோட்டார் வேண்டாம்னுதான் சொல்வேன்.

இருபது வருஷப் பழைய காடிதான் கைக்கு எட்டுது. எதை வாங்கலாம்?

புரோட்டோன் சாகா, ஈஸ்வரா, வீரா, இல்லன்னா பெரோடுவா கான்சில். இதுல எதுவா இருந்தாலும் சரி, வேற பக்கம் போகாதீங்க. சாகா 1985ல வந்தது, மிட்சுபிஷி லான்சரை வெச்சு பண்ணினது. ஈஸ்வரா 1992, வீரா 1993. இஞ்சின் பாத்தீங்கன்னா 4ஜி13, 4ஜி15னு ஒரே குடும்பம்தான் பெரும்பாலும். அதனால எந்த சின்ன ஊர்ல நின்னாலும் அங்க இருக்க போமேன் (மெக்கானிக்) கண்ணைக் கட்டிக்கிட்டு கழட்டி மாட்டுவாரு, ஸ்பேர் பார்ட்ஸ் கடைலயும் சாமான் கேட்ட உடனே எடுத்துக் குடுப்பாங்க. கான்சில் 1994ல வந்து 2009 வரைக்கும் பண்ணினாங்க, டைஹட்சு வழி வந்தது, 660, 850னு ரெண்டு இஞ்சின். ரெண்டு பேருக்கு அருமையான காடி. மூணு புள்ளைங்க, கிட்டார், ஸ்பீக்கர் பெட்டி, பாய் எல்லாம் ஏத்தணும்னா ஈஸ்வரா ஏரோபேக் (ஹேட்ச்பேக் வகை) இல்லன்னா வீரா பாருங்க.

யாராவது பழைய பென்ஸ், வோல்வோ மலிவா தர்றேன்னு சொன்னா நன்றி சொல்லிட்டு விட்டுருங்க. வாங்கற விலை கம்மியா இருக்கும், ஒரே ஒரு பாகம் போச்சுன்னா உங்க மாசப் படி முழுசும் அதுக்கே போயிரும், அந்த பாகமும் இங்க கிடைக்காது.

கான்சில் நம்ம மாருதி 800 மாதிரிதானே? ஊர்ல இருந்து வர்றப்போ பார்ட்ஸ் வாங்கிட்டு வரவா?

வேண்டாம் தம்பி. பாக்கத்தான் ஒரே மாதிரி, மாருதி சுசுகியோடது, கான்சில் டைஹட்சுவோடது, ஒண்ணு இன்னொண்ணுக்கு மாட்டாது. ஈஸ்வரா வீரா கதை வேற, திருவள்ளூர்ல பண்ணின மிட்சுபிஷி லான்சர் பெட்ரோல் காடிக்கும் 4ஜி15 இஞ்சின்தான், அதனால நம்ம ஊர் மெக்கானிக் யாராவது லான்சர்ல வேலை பாத்திருந்தா போன்ல நல்லா வழி சொல்வாரு. ஆனா அதுக்காக பெட்டில இரும்பைத் தூக்கிட்டு வராதீங்க. இங்கயே சாமான் மலிவு, அந்த இடத்துல அம்மா போட்ட ஊறுகாய கொண்டு வாங்க.

ரோட்டெக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் எப்படி? ரொம்ப ஆகுமா?

ரோட்டெக்ஸுக்கு பயப்பட வேண்டாம். தீபகற்பத்துல சொந்தக் காடிக்கு இஞ்சின் சிசி வெச்சு கணக்கு. 1000 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 20 வெள்ளி (ரிங்கிட்), 1201ல இருந்து 1400 வரைக்கும் 70, 1401ல இருந்து 1600 வரைக்கும் 90. அப்போ கான்சிலுக்கு 20, 1.3 ஈஸ்வராவுக்கு 70, 1.5க்கு 90. முதல்ல இன்சூரன்ஸ் எடுக்கணும், அப்புறம்தான் ரோட்டெக்ஸ் எடுக்க முடியும். கட்டாத சம்மன் (போக்குவரத்து அபராதம்) இருந்து பேர் பிளாக்லிஸ்ட் ஆயிருந்தா அதையும் தீத்தாகணும். ஆறு மாசத்துக்கும் எடுக்கலாம், உங்க விசா பாஸ் முடியப் போற நேரத்துல இது உதவும்.

இன்சூரன்ஸ்தான் காசு. கிளைம் பண்ணாம ஓட்டினா தள்ளுபடி ஏறிக்கிட்டே போகும், முதல் வருஷம் முடிஞ்சா 25 சதவீதம், அப்புறம் 30, 38.33, 45, அஞ்சாவது வருஷத்துல 55. அதுக்கு மேல ஏறாது. இந்த தள்ளுபடி காடிக்கு இல்ல, பதிவுல இருக்க ஆளுக்கு. காடி ரொம்பப் பழசுன்னா நிறைய கம்பெனி முழு இன்சூரன்ஸ் தர யோசிப்பாங்க, மூணாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும்தான் கிடைக்கும், அதுல நம்ம காடிக்கு ஆன சேதத்துக்கு ஒண்ணும் வராது. ஓட்டப் போறவங்க எல்லார் பேரையும் பாலிசில போடச் சொல்லுங்க. முழு இன்சூரன்ஸ்ல பேர் இல்லாதவங்க ஓட்டி இடிச்சுட்டா கிளைம் பணத்துல 400 வெள்ளிய நம்ம பக்கமே போடச் சொல்வாங்க. விபத்துன்னா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ரிப்போர்ட், அதை மட்டும் மறக்காதீங்க.

என்கிட்ட இந்தியா லைசென்ஸ் இருக்கு, அது போதாதா?

கிளம்பறதுக்கு முன்னாடியே உங்க ஊர் ஆர்டிஓல இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்துட்டு வாங்க, இங்க வந்தப்புறம் எடுக்கறது கஷ்டம். அது ஒரு வருஷத்துக்குத்தான். ரெண்டும் சேந்து கைல இருக்கணும், பாஸ்போர்ட்டும் கூட, ரோட் பிளாக்ல முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

ஒரு வருஷத்துக்கு மேல இருக்கப் போறீங்கன்னா இங்கத்த லைசென்ஸுக்கு வழி பாருங்க. இந்திய லைசென்ஸ அப்படியே மாத்திக்கற விதி அடிக்கடி மாறிக்கிட்டே இருக்கு, அதனால பழைய ஆள் சொன்னதை நம்பாம நேரா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுன்டர்ல கேளுங்க. புதுசா எடுக்கறதுன்னா எழுத்துத் தேர்வு தமிழ்லயே எழுதலாம், 50 கேள்வி, 42 சரியா போட்டா பாஸ். ஓட்டிக் காட்டற தேர்வும் முடிஞ்சா முதல் ரெண்டு வருஷம் 'P' லைசென்ஸ், அதாவது புதுசா ஓட்டறவங்களுக்கானது. கஷ்டமே இல்ல, எங்க சபைல பல பேர் எழுதி பாஸ் பண்ணிட்டாங்க.

காடியை யார் பேர்ல வாங்கறது? என் பேர்லயே வாங்கிக்கட்டுமா?

இந்த கேள்விய கேக்காம வாங்கிட்டு அப்புறம் தவிக்கறவங்கதான் அதிகம், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். மிஷனரிக்கு இங்க கிடைக்கறது பெரும்பாலும் ப்ரொஃபெஷனல் விசிட் பாஸ், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 12 மாசம். அடுத்த வருஷம் இருப்போமா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது. காடி உங்க பேர்ல இருந்து நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னா, பேர் மாத்தறதுக்கு பஸ்பகோம்ல (வாகனப் பரிசோதனை நிலையத்துல) பி5 சோதனை பண்ணணும், விக்கறவங்க வாங்கறவங்க ரெண்டு பேர் அடையாளமும் ஜேபிஜேக்கு வேணும். தமிழ்நாட்டு நாசரேத்துல உக்காந்துக்கிட்டு இங்க கைநாட்டு வெக்க முடியுமா?

அப்படி ஒரு நல்ல வீரா எனக்குத் தெரிஞ்சு சபை கொட்டாய்ல கிடந்துச்சு. இஞ்சின் தங்கம், ஓட்டினவரு அவசரமா ஊருக்குப் போயிட்டாரு, பேர் மாத்தல, யாரும் தொட முடியல. நாலு டயரும் வெடிச்சு, சீட்டுக்குள்ள எலி குடும்பம் பண்ணி, கடைசில இரும்புக்குப் போச்சு. காணிக்கைப் பணம் அது, ரப்பர் மரத்துல பால் வெட்டி சம்பாதிச்ச ஜனங்க குடுத்தது, எனக்கு இப்பவும் மனசு ஆறல.

அதனால பதிவு பெற்ற சபை பேர்ல வாங்குங்க. முடியலன்னா இங்கயே நிரந்தரமா இருக்க ஒரு மூப்பர் பேர்ல. ஆனா அவர் பேர்ல வாங்கினா சம்மன் எல்லாம் அவர் வீட்டுக்குத்தான் போகும், வந்த உடனே நீங்க கட்டிருங்க, அவர் கேக்கற வரைக்கும் வெச்சிருக்காதீங்க.

தினமும் வாரமும் என்னென்ன பாக்கணும்? எனக்கு மெக்கானிக் வேலை எதுவும் தெரியாதே.

மெக்கானிக் வேலை தெரிய வேண்டாம், பாக்கத் தெரிஞ்சா போதும். காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, இஞ்சின் ஆறி இருக்கும்போது, போனட்டைத் திறந்து ரேடியேட்டர் தண்ணி, எண்ணெய்க் குச்சி, பிரேக் எண்ணெய் டப்பா மூணையும் பாருங்க. அப்புறம் காடி நின்ன இடத்துல தரைல என்ன சொட்டியிருக்குன்னு பாருங்க. பச்சையா இருந்தா கூலன்ட், கறுப்பா இருந்தா இஞ்சின் எண்ணெய், சுத்தத் தண்ணின்னா ஏர்கான், கவலையில்ல. பின் டயர் பக்கம் ஈரம் இருந்தா அன்னைக்கு காடிய எடுக்காதீங்க, பிரேக் பம்ப் ஒழுகுதுன்னு அர்த்தமா இருக்கலாம்.

எண்ணெய் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, இந்த கார்புரேட்டர் இஞ்சினுக்கெல்லாம் சாதா 20டபிள்யூ-50 மினரல் போதும், விலை கூடினது தேவையில்ல. பிரேக் எண்ணெய் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அது காத்துல இருக்க ஈரத்த உறிஞ்சும், இந்த ஊர் ஈரத்துக்கு சொல்லவே வேண்டாம். டைமிங் பெல்ட் 80,000 பக்கம் வந்தா மாத்துங்க, அப்போ டென்ஷனர் பேரிங்கும் முன்பக்க எண்ணெய் சீலும் சேத்தே மாத்திருங்க, இல்லன்னா கூலி ரெண்டு தடவை. டயர்ல டாட்னு ஆரம்பிக்கற வரிசைல கடைசி நாலு நம்பர் பாருங்க, 2319ன்னா 2019ல 23வது வாரம் பண்ணினது. டயர் பூ (மேல்பட்டை வரி) நல்லா இருந்தாலும் ஆறு வருஷத்துக்கு மேல போன டயர்ல புள்ளைங்கள ஏத்தாதீங்க.

டெம்பரேச்சர் முள்ளு ஏறுது சிஸ்டர். போமேன் தெர்மோஸ்டாட்டை கழட்டிப் போட்டா சரியாயிரும்னு சொல்றாரு, கழட்டலாமா?

கழட்டாதீங்க. இது இங்க நிறைய பேர் பண்ற வேலை, அப்போதைக்கு முள்ளு இறங்கும். ஆனா இஞ்சின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆகும், பெட்ரோல் கூட குடிக்கும், எண்ணெய்ல சகதி மாதிரி சேரும். ஏன் சூடாகுதுன்னு காரணத்தக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. ரேடியேட்டர் உள்ள துரு அடைச்சிருக்கலாம், ஃபேன் சுவிட்ச் போயிருக்கலாம், மூடில இருக்க ரப்பர் கெட்டிருக்கலாம். மூடிதான் அழுத்தத்த பிடிச்சு வெச்சு தண்ணி சீக்கிரம் கொதிக்காம பாத்துக்குது, சில வெள்ளில முடியற அந்த மூடியப் பாக்காம டாப் கேஸ்கட் வரைக்கும் கழட்டினவங்க இருக்காங்க. குழாத் தண்ணி மட்டும் ஊத்தி ஓட்டினா துரு கூடும், கூலன்ட் கலந்து ஊத்துங்க.

கோலகங்சார்ல இருந்து ஹைவேல ஈப்போ போறப்போ மெனோரா சுரங்கத்துக்கு முன்னாடி ஒரு நீள ஏத்தம் வரும், பழைய காடியோட பலவீனம் அங்க தெரிஞ்சுரும். முள்ளு பாதிய தாண்டினா ஏர்கான நிறுத்துங்க, இடது லேன்ல மெதுவா ஏறுங்க, இன்னும் ஏறினா ஓரமா நிறுத்தி பிளஸ் ரோண்டாவ (ஹைவே உதவி வண்டிய) கூப்பிடுங்க. சூட்டுல ரேடியேட்டர் மூடியத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்துல அடிக்கும். உயிர் போற விஷயம் இது.

தோட்டத்து ரோட்டுல திரும்பும்போது கடக் கடக்னு சத்தம். என்னது அது?

முழுசா ஸ்டியரிங் ஒடிச்சு மெதுவா போறப்போ அந்த சத்தம் வந்தா டிரைவ் ஷாஃப்ட் பாருங்க. முன் சக்கரத்துக்குப் பின்னாடி குனிஞ்சு டார்ச் அடிச்சா, மடிப்பு மடிப்பா ஒரு கறுப்பு ரப்பர் உறை தெரியும். அதைக் கையால விரிச்சுப் பாருங்க, மடிப்போட பள்ளத்துல கீறல் விட்டிருக்கும். அதுவழியா கிரீஸ் வெளிய வந்து ரிம்மோட உள்பக்கம் முழுக்க வட்டமா தெளிச்சிருக்கும், அது மேல செம்மண் ஒட்டிக் கருஞ்சிவப்பா கெட்டியா இருக்கும். கீறல் விட்டு சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டா உறை மட்டும் மாத்தினா போதும், சத்தம் வந்துட்டா உள்ள மண்ணு போயிருச்சு, ஷாஃப்டையே மாத்தணும்.

எல்பில், டோவன்பி தோட்டங்க பக்கமெல்லாம் போறவங்க மாசம் ஒரு தடவை இந்த உறைய பாருங்க. செம்பனைப் பழக்குலை ஏத்தின லோரி போயி போயி ரோடு குழியா இருக்கும், லோவர் ஆர்ம் புஷ், பால் ஜாய்ன்ட், அப்சார்பர் எல்லாம் பட்டணத்துல ஓட்டறவங்களுக்கு ஆகறத விட சீக்கிரம் போகும். ஏர் ஃபில்டரும் அப்படித்தான், வெயில் காலத்துல தட்டிப் போடுங்க.

பெட்ரோலுக்கு நாங்க வெளிநாட்டுக்காரங்கன்னு கூட கட்டணுமாமே? மூப்பர் அவரோட மைகாட் (மலேசிய அடையாள அட்டை) தர்றேன்னு சொல்றாரு, வாங்கிக்கலாமா?

2025 செப்டம்பர் 30ல இருந்து அரசாங்க உதவி விலை ரோன்95 பெட்ரோல் மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். லிட்டர் 1.99 வெள்ளி, மாசத்துக்கு 300 லிட்டர், மைகாட் வெச்சு அடிக்கணும்னு ஆரம்பிச்சாங்க. நமக்கு உதவி இல்லாத விலை, அது ஆரம்பத்துல 2.60.

மூப்பர் அன்பாலதான் சொல்றாரு, ஆனா வாங்காதீங்க. அந்த உதவி இந்த நாட்டு ஜனங்களுக்கு அவங்க அரசாங்கம் குடுக்கறது, நாம அதுல கை வெச்சா அது பொய் சொல்றதுதான், மாட்டினா சங்கடம் அவருக்கும் சபைக்கும். அவரே ஓட்டிட்டு கூட வர்ற அன்னைக்கு அவர் அடிக்கறது அவரோட உரிமை, அதுல தப்பில்ல. உங்க அனுப்புற சபைகிட்ட பெட்ரோல் படிய இந்த விலைக்குக் கணக்குப் போட்டுக் கேளுங்க, கூச்சப்படாம. டயர் காத்து, ஏர் ஃபில்டர், மேல சொன்ன தெர்மோஸ்டாட் இதெல்லாம் சரியா இருந்தாலே செலவு குறையும்.

போமேன் ஏமாத்தறாரான்னு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு சொல்றாரு.

முதல்ல கடைய மாத்திக்கிட்டே இருக்கறத நிறுத்துங்க. பட்டணத்துல ஒருத்தர், அவர்கிட்டயே எல்லாத்துக்கும் போங்க, அவருக்கு உங்க காடி பழகட்டும். கழட்டின பழைய சாமான கைல குடுங்கன்னு கேளுங்க, நல்ல போமேன் கேக்காமயே காட்டுவாரு. வேலைக்கு முன்னாடி விலை கேளுங்க, ஒரிஜினலா, லோக்கலா, கெடாய் போத்தோங்ல (பழைய காடிய பிரிச்சு சாமான் விக்கற கடைல) எடுத்ததான்னு கேளுங்க. கண்ணாடி, கதவு, லைட், கியர் பாக்ஸ் இதெல்லாம் போத்தோங் கடைல வாங்கலாம். பிரேக், பெல்ட், ரப்பர் ஹோஸ் மட்டும் எப்பவும் புதுசு.

பெரும்பாலும் அவர் ஏமாத்தறது இல்ல. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு என்ன மாத்தினாரு எப்போ மாத்தினாருன்னு அவருக்கும் தெரியல உங்களுக்கும் தெரியல, அதான் ஒவ்வொரு தடவையும் புதுசா தெரியுது. சபை காடி வயசானதால கெடறத விட ஆள் மாறி மாறி கெடறதுதான் அதிகம். டேஷ்போர்டுக்குள்ள ஒரு நோட்டு வெச்சு தேதி, கிலோமீட்டர், மாத்தின சாமான், விலை, கடை பேர் எழுதுங்க, ரசீதையும் அதுலயே ஒட்டிருங்க. அடுத்து வர்றவருக்கு நீங்க விட்டுட்டுப் போற சாமான்லயே அதுக்குத்தான் மதிப்பு கூட.

மழைல ரோட்டுல தண்ணி நின்னுச்சு, உள்ள விட்டேன், இஞ்சின் நின்னுருச்சு. திரும்ப ஸ்டார்ட் பண்ணவா?

பண்ணாதீங்க, சாவிய எடுத்துருங்க. இஞ்சினுக்குள்ள தண்ணி போயிருந்தா ஸ்டார்ட் பண்ற அந்த ஒரு சுத்துல கனெக்டிங் ராட் வளைஞ்சுரும். இழுத்துட்டுப் போயி பிளக்கக் கழட்டி தண்ணிய வெளியேத்தணும், எண்ணெய் பால் மாதிரி ஆயிருந்தா அதையும் மாத்தணும். முழு இன்சூரன்ஸ் இருந்தாலும் வெள்ளத்துக்கு தனியா சேத்து எடுத்திருந்தாத்தான் கிடைக்கும். ஜெபக் கூட்டத்த நாளைக்கு வெச்சுக்கலாம், தோட்டத்து ஜனங்களுக்கு மழை தெரியாதா என்ன, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

ஞாயிறு பள்ளிக்கு பிள்ளைங்கள ஏத்திட்டு வர்றோம், ஒன்பது பேர் ஏறிடறாங்க. பக்கம்தானே, பரவாயில்லயா?

பரவாயில்லன்னு என்னால சொல்ல முடியாது. அஞ்சு பேர் காடில அஞ்சு பேர்தான். பின் சீட்டுலயும் பெல்ட் கட்டாயம்னு 2009ல இருந்து சட்டம், 2020ல இருந்து சின்னப் புள்ளைங்களுக்கு தனி சீட்டும் கட்டாயம். தோட்டத்து ரோடுன்னா என்ன, லோரி வர்றதும் அதே ரோடுதான். ரெண்டு நடை போங்க, இல்லன்னா தாமான் வாசல்லயே ஒரு வீட்டுல ஞாயிறு பள்ளி வைங்க. பெட்ரோலுக்குன்னு தாய்மாருங்ககிட்ட தலைக்கு இவ்வளவுன்னு வாங்கவும் கூடாது, அது சொந்தக் காடிய வாடகைக்கு ஓட்டற கணக்காயிரும், விபத்துன்னா இன்சூரன்ஸ் கைவிரிச்சுரும்.

எப்போ இதுக்கு மேல போதும்னு விட்டுரணும்?

இஞ்சின் ஓவர்ஹால் வந்தா நான் விட மாட்டேன், ஈஸ்வராவுக்கு அது இன்னும் நியாயமான விலைல முடியும். தரைத் தகடும் அப்சார்பர் உக்கார்ற இடமும் துரு பிடிச்சு கைய வெச்சா பொடிஞ்சுதுன்னா விட்டுருங்க, வெல்டிங் வெச்சு ஒட்டினாலும் இடிச்சா உள்ள இருக்கவங்கள காப்பாத்தாது. அப்படிப்பட்ட காடிய இன்னொரு ஏழை ஊழியருக்கு தானமா குடுக்காதீங்க. ஜேபிஜேல பதிவ ரத்து பண்ணிட்டு இரும்புக்குப் போடுங்க.

அடுத்த மாசம் ஊருக்கே திரும்பறோம். காடிய எப்படி ஒப்படைக்கறது?

சாவிய மேஜை மேல வெச்சுட்டு விமானம் ஏறாதீங்க, அதுதான் முதல்ல. உங்க பேர்ல இருந்தா மேல சொன்ன பேர் மாத்தற வேலைய டிக்கெட் போட்ட அன்னைக்கே ஆரம்பிச்சுருங்க. சம்மன் எல்லாம் கட்டிருங்க. ரோட்டெக்ஸ் குறைஞ்சது ரெண்டு மூணு மாசம் மிச்சம் இருக்கட்டும், புதுசா வர்றவரு வந்து இறங்கின வாரமே கவுன்டருக்கு ஓட வேண்டாம்.

புதுசா வர்றவர நேர்ல பாக்க முடிஞ்சா போமேன்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, ராத்திரில ஒரு தோட்டத்துக்கு அவரையே ஓட்ட விட்டு பக்கத்துல உக்காருங்க, எந்த வளைவுல பிரேக் எப்படி இழுக்கும், சோக் எவ்வளவு இழுத்தா காலைல பிடிக்கும்னு அப்போதான் தெரியும். பாக்க முடியலன்னா நோட்டோட கடைசி பக்கத்துல அதையெல்லாம் எழுதி, மிச்ச சாவியோட மூப்பர் வீட்டுல குடுத்துருங்க. அவங்க வர லேட்டானா வாரம் ஒரு தடவை யாராவது ஸ்டார்ட் பண்ணி ஒரு சுத்து போயிட்டு வரட்டும், அதுக்கும் ஒரு ஆளச் சொல்லி வெச்சுட்டே கிளம்புங்க.